ஜமால் பாயின் காது

செய்தி எனக்கு பஸ்ஸில் வந்தது. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் மகாபலிபுரம் பஸ் நின்றதும், கண்டக்டர் படியை விட்டு இறங்காமலே என்னைப் பார்த்து, "சாமி, ஒங்க பாய் பூட்டாரு" என்றார். எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. கார் தரகனாக அலைகிறவனுக்கு ஊருக்கு நாலு பாய்மார்களைத் தெரியும். ஆனால் என்னுடைய பாய் என்று ஊர் சொல்வது செங்கல்பட்டு ஜமாலுதீனை மட்டும்தான். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் அஸர் தொழுகைக்கு எழுந்திருக்கவில்லையாம். அவ்வளவுதான் கண்டக்டருக்குத் தெரியும். காய்கறிப் பையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறினேன். மறுநாள் காலை மையவாடியில் நானும் மண் தள்ளினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேஷனுக்கு எதிரே ஓட்டல் மாடியில் மோட்டார் நண்பர்களாகிய நீங்கள் கூடி இரங்கல் கூட்டம் நடத்தினீர்கள். வந்தவர்களுக்கெல்லாம் நன்றி. ஒவ்வொருவராக எழுந்து பாயின் காதைப் புகழ்ந்தீர்கள். தெருமுனையில் வரும்போதே எந்த வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார் என்றார் ஒருவர். வக்கீல் தேவராஜன், அந்தக் காதும் மண்ணுக்குள் போய்விட்டதே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரங்கல் கூட்டத்தில் சண்டை போடுவது அழகில்லை என்பதால் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நண்பர்களே, ஜமால் பாய்க்குக் கடைசி ஆறேழு வருஷமாகக் காது கேட்காது. இதை எழுதலாம் என்று சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார். ஆகையால் எனக்குத் தயக்கம் இல்லை.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைக்காரர்கள் நாற்பத்தேழில் மூட்டை கட்டியபோது கப்பலில் ஏற்ற முடியாத வண்டிகளை விட்டுவிட்டுப் போனார்கள். அவை மாட்டுக் கொட்டகையிலும் நெல் களத்திலும் கிடந்தன. மோப்பம் பிடித்துப் போய்ப் பேசுவது நான். அவற்றுக்கு உயிர் கொடுப்பது அவர். என் அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். மகன் கார் விற்கப் போனதை அவர் கடைசி வரை மன்னிக்கவில்லை. "ஒன் வாயும் என் காதும் இருந்தா போதும் ஐரே, பொழைச்சிக்கலாம்" என்று பாய் ஆரம்பத்தில் சொன்னார். அப்போது இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

அந்தப் பச்சை வண்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யுத்தத்துக்கு முந்தியது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். வாலைவிட மூக்கு நீளம். பாலாற்றங்கரையில் ஒரு கொட்டகையில் வைக்கோலுக்கு அடியிலிருந்து எடுத்தோம். சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கிற வரை பாய் வண்டியை நகர்த்த விடவில்லை. மாசக்கணக்கில் உழைத்து அதை ஓட வைத்தார். தேவராஜன் பார்த்ததும் மயங்கிவிட்டார். யுத்தத்துக்கு முந்திய வண்டிகளுக்கென்று அந்த வருஷம் தனிப் பந்தயம் வைத்திருந்தார்கள். அதில் இந்த வண்டியை நானே ஓட்டுகிறேன், ஓடி முடித்தால் வாங்கிக்கொள்கிறேன், இனிமேல் என் வண்டிகள் எல்லாம் பாய் கையில்தான் என்றார். தேவராஜன் போகிற இடத்துக்குத்தான் மற்ற பணக்காரப் பிள்ளைகளும் போவார்கள். பாயின் பட்டறை நிற்பதும் விழுவதும் அந்தப் பந்தயத்தில் இருந்தது.

வண்டியை ஓட்டிப் பார்க்க நாங்கள் மகாபலிபுரம் போய் வருவோம். ஒருநாள் திரும்பி வரும்போது, திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் புகைக்குழாய் கழன்று தார் ரோட்டில் இழுபட ஆரம்பித்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாய்கள் துரத்தின. குளத்தங்கரையில் துணி துவைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. பாய் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து, நிம்மதியான முகத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது என்று வேறு சொன்னார்.

தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தவர், குழாயைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அவரே சொன்னார். யுத்தக் காலத்தில் பட்டாளத்து லாரிப் பட்டறையில் வேலை பார்த்தபோதே வலது காது போய்விட்டது. இடது காதும் இரண்டு வருஷமாக அடைத்துக்கொண்டு வருகிறது. கிட்டே வந்து கத்தினால் ஏதோ கேட்கும். மற்றபடி ஆள் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்.

"வெளிய சொல்லிடாத ஐரே" என்றார். "கை போச்சுன்னா கூட, பாவம்னு நாலு பேரு வண்டி குடுப்பான். காது போன மெக்கானிக்க எவன் சேத்துக்குவான்?"

நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. காது கேட்காதவர் அந்த வண்டியை இவ்வளவு சுத்தமாக எப்படி டியூன் செய்தார்? கேட்டேன். மறுநாள் காலை பட்டறைக்கு வரச் சொன்னார்.

பட்டறை என்பது அவர் வீட்டுக் கொல்லைதான். சுற்றிலும் மதில். நான் போனபோது கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டி நின்றேன். தட்டியது யாருக்குக் கேட்டதோ, கதவைத் திறந்தவர் பாய். உள்ளே வண்டி ஓடிக்கொண்டிருக்க, அவர் மனைவி ஜுலைகா பீவி என்ஜினுக்கு முன்னால் குனிந்திருந்தார். முக்காட்டுக்குள் ஒரு ரப்பர் குழாயை நுழைத்துக் காதில் வைத்திருந்தார். அதன் மறுமுனை கார்புரேட்டரின் வாயில் இருந்தது. என்னைக் கண்டதும் உள்ளே போகத் திரும்பினார். ஐரு நம்ம ஆள்தான், இரு என்று பாய் சொன்ன பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைக் குழாய் வைத்து, 'உஸ்' என்கிற சத்தத்தில்தான் பிடிக்க வேண்டும். பிறகு புகைக்குழாயின் பின்னால் நின்று, பெட்ரோல் கூடவா குறையவா என்பதைச் சத்தத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜுலைகா பீவிக்கு இயந்திரம் தெரியாது. அவருக்குத் தெரிந்த சத்தங்களெல்லாம் அடுப்படிச் சத்தங்கள். ஒரு கார்புரேட்டர் அப்பளம் பொரிக்கிறது என்பார், இன்னொன்று வடை பொரிக்கிறது என்பார். இரண்டும் அப்பளம் ஆகிற வரை பாய் திருகுவார். அந்த அம்மாள் வாயைப் பார்த்துக்கொண்டே திருகுவார். அப்படித்தான் அந்தப் பச்சை வண்டி ஓடியது. நீங்கள் புகழ்ந்த காது அதுதான். அது மண்ணுக்குள் போகவில்லை, தேவராஜன் சார். செங்கல்பட்டில் மார்க்கெட்டுக்குப் பின்னால், புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உட்கார்ந்திருக்கிறது.

பந்தயம் வந்தது. யுத்தத்தின்போது போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம், நடுவிலே பிளவுவிட்ட சிமெண்டு, ஓரமெல்லாம் வேட்டியும் தொப்பியுமாக ஜனம். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம்; நான் மெயின் ரோட்டில் ஏறிக்கொண்டேன். லாரி குலுக்கிய குலுக்கலில் டியூனிங் கலைந்துவிட்டது. இறக்கி ஓட்டியதும் எனக்கே தெரிந்தது, வண்டி சரியில்லை என்று. பாய் என்னை ஓரமாக இழுத்துப்போய்க் குழாயை என் கையில் கொடுத்தார். ஜுலைகா சொல்கிற மாதிரி சொல் என்றார்.

கார்புரேட்டர் இரண்டையும் ஒருவழியாகச் சமன் செய்தோம். அப்பளம் எங்கள் வீட்டிலும் பொரிகிறதுதான். பின்னால் போய்ப் புகைக்குழாய்ச் சத்தத்தைக் கேட்டேன். லேசாக, சலசலவென்று, ஒழுங்கில்லாமல் தெறித்தது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கஞ்சி கொதிக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். கத்தியும் சொன்னேன், வாயை நன்றாகத் திறந்தும் சொன்னேன். பாய் தலையாட்டிவிட்டுப் பெட்ரோலைக் குறைத்தார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்திருந்தால் பெட்ரோல் கூடவா குறையவா என்று தெரிந்திருக்கும். அதற்குள் வண்டிகளை வரிசையில் நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பச்சை வண்டி பாதிப் பந்தயம் வரை முன்னாலேயே ஓடியது. தேவராஜன் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அடுத்த முறை வரவில்லை. ஓடுதளத்தின் கோடியில் வெள்ளையாகப் புகை எழும்பியது. பிஸ்டனில் ஓட்டை விழுந்திருந்தது. பெட்ரோல் பற்றாமல் சூடேறி உருகியிருந்தது.

தேவராஜன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பின்னால் ஒரு கூட்டம். நான் வாயால் பிழைப்பவன். எனக்கு அந்த நிமிஷத்தில் ஒரு வழி தோன்றிவிட்டது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பதாக அப்போது எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. பாய் முகத்துக்கு நேராக நின்று, பழியைப் பெட்ரோல் மேல் போட்டுவிடலாம் என்று சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"பங்க்காரன் இன்னா ஐரே பண்ணான்? அவன் பேரு எதுக்கு நாறணும்?" என்றார்.

பிறகு கூட்டத்துக்குள் போய், செட்டிங் தப்பு, வைத்தது நான் என்று தேவராஜனிடம் சொன்னார். ஏன் தப்பானது என்று சொல்லவில்லை. பாய் பொய்யே சொல்லாதவர் என்று நான் எழுத மாட்டேன். காதை அவர் எல்லோரிடமும் மறைத்தார். ஆனால் தன் குற்றத்தை இன்னொருவன் தலையில் ஏற்றுகிற பொய் அவரிடம் கிடையாது. தேவராஜன் பெரிய மனுஷர், திட்டவில்லை. வண்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவும் இல்லை.

லாரியின் பின்னால் செத்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வந்தோம். செங்கல்பட்டு நெருங்குகிற வரை பாய் யோசித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று, உங்கள் வீட்டில் கஞ்சி எப்படி இருக்கும் என்று கேட்டார். எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. நொய்யைப் போட்டுத் தண்ணீராகக் காய்ச்சுவோம், சலசலவென்று கொதிக்கும் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் வீட்டில் கஞ்சி என்றால் நோன்புக் கஞ்சி. அரிசியும் பருப்பும் கறியும் சேர்ந்து கெட்டியாக, தப்புத்தப்பென்று குமிழி விட்டு வெடிக்கும். ஜுலைகா பீவி கஞ்சி என்று சொன்னால், பெட்ரோல் கூடிப்போய் என்ஜின் திணறுகிறது என்று அர்த்தம். நான் சொன்னதோ அதற்கு நேர் எதிர். ஏற்கெனவே பட்டினி கிடந்த வண்டியை அவர் இன்னும் பட்டினி போட்டிருந்தார்.

"இத்தினி வருசம் ஒண்ணா கீறோம்" என்றார். "ஒன் வூட்டு கஞ்சி எப்பிடி கீதுன்னு எனக்குத் தெரியல, பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இது யாருடைய தப்பு என்று கடைசி வரை எங்களால் சொல்ல முடியவில்லை. அடுத்த ரம்ஜானில் ஜுலைகா பீவி கறி போடாமல் எனக்கென்று தனியாக ஒரு தூக்குக் கஞ்சி காய்ச்சி, பட்டறையிலேயே வைத்துக் கொடுத்தார். பாய் எதிரில் உட்கார்ந்து, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தொழில் போனது போனதுதான். பச்சை வண்டியைப் பாதி விலைக்கு வெளியூர்க்காரர் ஒருவரிடம் தள்ளினேன். பாய்க்குக் கை போய்விட்டது என்று பேச்சு பரவியது. உங்களில் சிலரே அதைச் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். அவரிடம் சொன்னபோது, கை என்றுதானே சொல்கிறார்கள், சொல்லட்டும் என்றார். பந்தய வண்டிகள் வருவது நின்றது. பிறகு சாதாரணக் கார்களும் நின்றன. கடைசி வருஷங்களில் அவர் பஞ்சர் ஒட்டினார், சைக்கிள் கோட்டம் எடுத்தார். நான் போனால் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார். அப்போதெல்லாம் என் வாயைக் கூடப் பார்க்க மாட்டார். பேச்சுக்கு எங்களுக்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அந்த மனுஷர் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வருவேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஜுலைகா பீவி இத்தாவில் இருப்பதால் வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார். கோவளத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் என்னை முன்கட்டில் உட்கார வைத்தார். உள் கதவுக்குத் திரை போட்டிருந்தது. கூட்டத்தில் எல்லோரும் காதைப் பற்றிப் பேசியதையும், எனக்குக் கோபம் வந்ததையும் சொன்னேன். உண்மையை எழுதட்டுமா என்று கேட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து ஜுலைகா பீவி பதில் சொன்னார். எழுதுங்கள், இனிமேல் அவருக்கு எந்த வண்டி வரப்போகிறது என்றார்.

பிறகு, நான் கேட்காமலே, அந்த மதியத்தைப் பற்றிச் சொன்னார். தொழுகைக்கு நேரமாகிறதென்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டாராம். அவர் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டு எழாதது அந்த வீட்டில் புதிதில்லை. ஆகையால் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு மெதுவாகப் போய்த் தொட்டிருக்கிறார்.

நான் எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் அவர் பந்தயப் பேச்சை எடுத்தார். நானும் வண்டி கெட்டுப்போன கதையை அவருக்கு ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"அன்னிக்கு காலைல நானும் வரேன்னு சொன்னண்ணே. பர்தா போட்டுகினு லாரிலயே ஒக்காந்துக்கறேன், எறங்க மாட்டேன், நீ வந்து கேட்டா சொல்றேன்னேன். அவரு சாமான ஏத்திகினு இருந்தாரு, முதுவு காட்டிகினு. ரெண்டு வாட்டி சொன்னேன். திரும்பல. வண்டி இன்னா சொல்லுதுன்னு என் வாயயே பாத்துகினு இருப்பாரு. நான் இன்னா சொல்றேன்னு பாக்கல."

அவருடைய அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தொட்டுத் திருப்பியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. ஜுலைகா பீவியே சொன்னார், தெருவில் லாரிக்காரர்கள் நின்றார்கள், வாசலைத் தாண்ட முடியவில்லை என்று. அப்புறமாவது பாயிடம் சொன்னீர்களா என்றேன்.

"இல்லண்ணே. சொன்னா ஒடஞ்சிபூடுவாரு. அதையும் எழுதிடுங்க."

எழுதிவிட்டேன். ஜமால் பாயிடமிருந்து எனக்கு மிச்சம் இரண்டு. கூட்டத்துக்கு நடுவே நின்று தப்பு என்னுடையது என்று அவர் சொன்னது ஒன்று. அதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு, மனைவி பேசுவது தெரியாமல், முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நின்றது இன்னொன்று. அதை நான் பார்க்கவில்லை. அவருக்கும் தெரியாது. தெரியாமலே போய்விட்டார். அதுதான் இப்போது எந்நேரமும் என் கண்ணில் நிற்கிறது.